முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்

மார்ச் 4, புதன்

இன்று மாவட்ட அலுவலகத்துக்கு அறுபத்து மூன்று தபால். முத்திரை குத்தும் மைப்பெட்டி காய்ந்துவிட்டது. புதிது கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு இன்றைய அரசாங்கத்தை ஓட்டியாயிற்று.

நாற்பத்தொன்றாவது உறையில் தலைநகரத்துச் சுற்றறிக்கை. மற்றவற்றைப் போல அதற்கும் எண் போட்டு, தேதி குத்தி, பதிவேட்டில் 'பொருள்' கட்டத்தில் சுருக்கி எழுதினேன்: பதினெட்டு வயதுக்குட்பட்டோரை வழிபாட்டு இடங்களில் அனுமதிக்கத் தடை, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து. அடுத்த உறையைக் கிழிக்கும்போதுதான் என்ன எழுதினேன் என்று மண்டையில் ஏறியது. என் மகளுக்குப் பதின்மூன்று வயது.

கண்காணிப்பாளர் அதை வாங்கிப் பார்த்து, தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் கவனித்தார். அவருக்கு 'தேதி மேடம்' என்று பெயர் வைத்தவர்கள் வாயில் சர்க்கரை போடவேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சுற்றறிக்கையை நான்தான் வாசித்துக் காட்டினேன். சபைச் செயலாளர் என்ற பெயருக்கு இந்த மாதிரி வேலைதான் வரும். பெயிண்ட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கூடம். பெரியவர்கள் நாற்பத்தொரு பேர், பிள்ளைகள் பதினேழு பேர். பிள்ளைகள் அப்போது பின்வரிசையில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

மூப்பர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் இரண்டு பக்கம். தையல்கார அண்ணன் சொன்னார்: அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அடங்கி நடக்க வேதத்தில் சொல்லியிருக்கிறது, நல்ல அதிகாரிக்கு மட்டும் என்று சொல்லவில்லையே. பல் டாக்டர் சொன்னார்: பிள்ளைகளைக் கடவுளிடம் கொண்டுபோகாதே என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை, என் கிளினிக்கில் திரையை இழுத்துவிட்டு நடத்துவோம், யாராவது கேட்டால் பல் காட்ட வந்தோம் என்று சொல்வோம். பல் டாக்டர் எப்போதும் வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர். யாராவது பதில் பேசினால் இன்னும் திடுக்கிடுகிறார்.

தையல்கார அண்ணன் அவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "அப்ப பிள்ளைங்களுக்கு முதல் பாடமே பொய்யா, டாக்டர்?"

எங்கள் சபையில் ஓட்டெடுப்பு கிடையாது. யாராவது ஒருவர் எழுந்து "எனக்கு மனசு ஒப்பலை" என்றால் பேச்சு அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிப்போகும். மின்விசிறி வாங்க ஏழு ஞாயிறு ஆனது. வாங்கியபோது வெயில் காலமே முடிந்துவிட்டது. இன்று மூன்று பேருக்கு மனசு ஒப்பவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை, மின்விசிறிக்குக்கூட.

மார்ச் 9, திங்கள்

மைப்பெட்டி வரவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

இன்றும் ஒப்பவில்லை. ஆனால் தையல்கார அண்ணனிடம் ஏதோ அசைந்திருக்கிறது. வாரம் முழுக்க ஒரே விஷயத்தை நினைத்துப் பார்த்தாராம். ஏப்ரலில் படிக்கட்டின் மேலே யாராவது நின்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பவேண்டும். மூப்பர் என்ற முறையில் அது அவர்தான். சலவைக்கடை அக்காவின் சின்னப் பெண் ஓடிவருவதையும், அவர் கையை நீட்டித் தடுப்பதையும் நினைத்துப் பார்த்தாராம். "கை வரலைம்மா," என்றார் என்னிடம்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "அப்ப எனக்குக் கடவுள் அஞ்சு வருஷம் கழிச்சுத்தானா?" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள்.

மார்ச் 22, ஞாயிறு

முடிவாகிவிட்டது. மூன்றே ஞாயிற்றில்! மின்விசிறிக்கு அவமானம்.

தையல்கார அண்ணன் எழுந்து நின்றார். செய்யமாட்டோம் என்று சொல்லலாம், அதற்குத் தனக்குச் சம்மதம். ஆனால் ஓடி ஒளியக் கூடாது. எந்த நாள், எந்த நேரம், எத்தனை பிள்ளைகள் என்று அரசாங்கத்துக்கு நாமே எழுதிவிடவேண்டும். அதற்கு என்ன தண்டனை வருகிறதோ அதைத் தலைவணங்கி வாங்கிக்கொள்ளவேண்டும். கீழ்ப்படியாமல் இருப்பதும் அடங்கி இருப்பதும் இப்படி ஒரே நேரத்தில் முடியும் என்றார். பல் டாக்டர், "சரி, எனக்கு ஒப்புது," என்றார். ஒருவரும் மறுத்து எழவில்லை.

கூடத்துப் பழைய தட்டச்சில் உட்கார்ந்து அடித்தேன். 'ஏப்ரல் 5 முதல் ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பது மணிக்கு, கீழ்க்கண்ட முகவரியில், பெரியவர்கள் நாற்பத்தொருவரும் சிறுவர்கள் பதினேழு பேரும் கூடுவோம் என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்.' கீழே இரண்டு கையெழுத்து. மூப்பராகத் தையல்கார அண்ணன் ஒன்று, செயலாளராக நான் ஒன்று. விலாசம் எங்கள் மாவட்ட அலுவலகம். கையெழுத்துப் போடும்போதே தெரியும், இது என் மேஜைக்குத்தான் வரும் என்று. தெரிந்தும் அது யாரோ ஒருத்தியின் மேஜை போலத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல எதிர்ச்சாரி டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருந்தார். பதினாறு வருஷமாக ஞாயிறுதோறும் எங்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுவார், ஒரு நாளும் படியேறியதில்லை. கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் பேப்பரை மடித்தார். "திருடப் போறவன் ஸ்டேஷன்ல சொல்லிட்டா போவான்? உங்க ஆளுங்களைப் பாத்தா எனக்குச் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலை."

அவரும் அரசாங்கப் பேருந்து ஓட்டுகிறவர். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

வந்துவிட்டது. பதினொன்றாவது உறை. நானே நாக்கால் தொட்டு ஒட்டிய உறை.

கிழித்தேன். எண் போடப் பேனாவை எடுத்தேன். பதிவேட்டில் ஏறிவிட்டால் அது மேடத்திடம் போகும், அங்கிருந்து மேலே போகும், மேலே போனால் காவல்துறை. கீழே என் கையெழுத்து. இருபத்திரண்டு வருஷ வேலை, இவருடைய வேலை, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் கண்முன்னே வரிசையாக வந்து நின்றன. பக்கத்து மேஜையில் யாரோ ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள். எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்தபோது கடிதம் என் இழுப்பறைக்குள் இருந்தது. நான்தான் வைத்திருக்கவேண்டும்.

நாளைக்குப் பதிந்துவிடலாம்.

மார்ச் 25, புதன்

நாளைக்கு.

மார்ச் 31, செவ்வாய்

இருபத்திரண்டு வருஷத்தில் எந்தத் தபாலும் என்னிடம் ஒரு ராத்திரி தங்கியதில்லை. இது ஏழு ராத்திரி தங்கிவிட்டது. தினமும் இழுப்பறையைத் திறந்து, ஸ்டேப்ளர் எடுப்பது போல எடுத்து, உறை இருக்கிறதா என்று பார்த்து மூடுகிறேன். ஸ்டேப்ளர் மேஜைமேல்தான் இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

பிள்ளைகள் இன்று பின்வரிசையில் இல்லை. முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். எல்லோர் காதும் படிக்கட்டில். பெயிண்ட் கடைக்காரர் டப்பா எடுக்க மேலே வந்தபோது பாதிப் பேருக்கு உயிர் போய் வந்தது. தையல்கார அண்ணன் கையில் ஒரு பை வைத்திருந்தார். மாற்றுச் சட்டை, சோப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு.

யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்றும் யாரும் வரவில்லை. சாட்சி சொல்லும் நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கர்த்தர் அதிகாரிகளின் கண்களை மூடினார் என்றார் சலவைக்கடை அக்கா. நேர்மையாகச் சொன்னோம், அவர் காப்பாற்றினார் என்றார் பல் டாக்டர். கிளினிக் திரையைப் பற்றிப் பேசியதற்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார்.

பிறகு என் மகள். இதுவரை வாய்விட்டு ஜெபித்ததே இல்லை அவள். எழுந்து நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "எங்களை உள்ளே விட்டதுக்கு நன்றி, ஆண்டவரே," என்றாள்.

என் இழுப்பறைக்கு ஸ்தோத்திரம் சொல்கிறது என் பிள்ளை. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. ஐயோ, எதைச் செஞ்சு வெச்சிருக்கேன்?

ஏப்ரல் 14, செவ்வாய்

பல் டாக்டர் ஆற்றுக்கு அந்தப்பக்கத்துச் சபைக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டாராம். அவர்களும் இதே மாதிரி தங்கள் மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பப் போகிறார்களாம், வரும் திங்களன்று. கர்த்தர் இங்கே செய்ததை அங்கேயும் செய்வார் என்று நம்பி.

அங்கே தபால் மேஜையில் நான் இல்லையே.

ஏப்ரல் 16, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல் கடைக்குப் போனேன். தையல்கார அண்ணன் ஒரு கோட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தார். கதவருகில் நின்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். ஊசியைக் கோட்டிலேயே குத்திவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப நாம இன்னும் சொல்லவே இல்ல," என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. பயந்து செய்தேன் அண்ணே, அரசாங்கத்தை எதிர்க்கத்தானே செய்தேன், இதுவும் எதிர்ப்புதானே என்று என்னென்னவோ பேசினேன். இல்லை, எதிர்க்கவும் இல்லை, கீழ்ப்படியவும் இல்லை. சபைக்குச் செய்யவேண்டியதையும் செய்யவில்லை, அலுவலகத்துக்குச் செய்யவேண்டியதையும் செய்யவில்லை. இது பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழுதேன். அவர் டீ வரவழைத்தார். தானும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்த அன்று யாரும் வராதபோது பெருமூச்சு விட்டதாகச் சொன்னார். அப்படி விட்டதில் கொஞ்சம் வெட்கம் என்றும் சொன்னார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வாங்கியதிலிருந்து அது இவ்வளவு சத்தம் போடுகிறது என்று இன்றுதான் தெரியும்.

முதலில் பேசியவர் பல் டாக்டர். கோபமில்லாமல் பேசினார், அதுதான் கஷ்டமாக இருந்தது. "சிஸ்டர் செஞ்சது தப்புதான். ஆனா நடந்தது நடந்துபோச்சு. அது அங்கேயே கிடக்கட்டும். பிள்ளைங்க உள்ள உக்காந்திருக்காங்க பாருங்க." பலர் தலையாட்டினார்கள். சலவைக்கடை அக்கா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார், கிடக்கட்டும்மா என்று. ஒருவர்கூட மறுக்கவில்லை. தையல்கார அண்ணன் வாயே திறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் முடிவாகிவிடும். கடிதம் இழுப்பறையில் கிடக்கும், எனக்கு வேலை இருக்கும், எல்லோரும் சேர்ந்தே சம்மதித்ததாகவும் ஆகும். எனக்கு வேண்டியதெல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள்.

எழுந்தேன். "எனக்கு மனசு ஒப்பலை," என்றேன்.

ஒருவருக்கு ஒப்பாவிட்டால் புது முடிவு இல்லை. புது முடிவு இல்லாவிட்டால் பழைய முடிவுதான்: கடிதம் போகவேண்டும். பல் டாக்டர் ஆற்றுக்கு அந்தப்பக்கம் உண்மையை எழுதி இன்றே ஒரு ஆள்மூலம் அனுப்பினார்.

வண்டியில் வரும்போது இவரிடமும் சொன்னேன். வண்டி மெதுவாகப் போனது. மகள் வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்விட்டாள்.

ஏப்ரல் 20, திங்கள்

காலையில் தலை பின்னிக்கொண்டே மகள் கேட்டாள், முதுகைக் காட்டியபடி. "இன்னைக்குப் போடுவியா?" போடுவேன் என்றேன். ரிப்பனை என் கையில் கொடுத்தாள், கட்டிவிடச் சொல்லி.

முத்திரையில் தேதியைத் திருப்ப ஒரு சின்னச் சக்கரம் உண்டு. மார்ச் 24க்குத் திருப்பிக் குத்தினால் ஒரு கேள்வியும் வராது. விரலை அதன்மேல் வைத்தேன். எடுத்துவிட்டேன். இன்றைய தேதியைக் குத்தினேன். புது மைப்பெட்டி போன வாரம்தான் வந்தது, எழுத்து பளிச்சென்று விழுந்தது.

ஏப்ரல் 22, புதன்

மேடம் கூப்பிட்டார். மேஜைமேல் கடிதமும் உறையும். உறையில் அஞ்சலகத் தேதியின்மேல் பென்சிலால் ஒரு வட்டம்.

"மார்ச் இருபத்து நாலு வந்திருக்கணும். இருபத்தேழு நாள் எங்க இருந்தது?"

"என் இழுப்பறையில, மேடம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடிதத்தில் இருப்பதை மேலே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், தபாலை நிறுத்திவைத்தது மட்டும்தான் தன் விஷயம் என்றார். மாலைக்குள் மெமோ கைக்கு வந்தது: அலுவலகத் தபாலை உரிய காலத்தில் பதியாமல் மறைத்துவைத்தது தொடர்பாக. மூன்று தடவை வாசித்தேன். அநியாயமான சட்டம் போடுகிற இதே அரசாங்கம் எழுதியதுதான், ஆனால் இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நம்பிக்கைக்காகத் தண்டனை வாங்குவேன் என்று நினைத்துப் பயந்தேன். கடைசியில் தபாலை ஒளித்ததற்காக வாங்குகிறேன். இதைப் பெருமையாக யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

விளக்கம் கேட்டிருந்தார்கள். குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

வந்தார்கள். மூன்று பேர், ஒருவர் பெண் காவலர். மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். பாட்டு முடியும்வரை கதவருகில் நின்றார்கள். பிறகு பிள்ளைகளின் பெயரையும் வயதையும் எழுதினார்கள். சலவைக்கடை அக்காவின் மூத்த பெண்ணுக்கு வியாழக்கிழமை பதினெட்டு முடிகிறது. பதினேழு என்றாள். எழுதுகிறவர் நிமிர்ந்து, "பதினெட்டுன்னு சொல்லியிருந்தா நான் எழுதியிருக்க மாட்டேனே," என்றார். "வியாழக்கிழமைதான் சார்," என்றாள் அவள்.

பொறுப்பாளர் யார் என்று கேட்டார்கள். நானும் எழுந்தேன். ஒருவர் போதும் என்று சொல்லித் தையல்கார அண்ணனை மட்டும் அழைத்தார்கள். காலையில் ஏதோ அவசர வேலை முடித்துவிட்டு வந்திருக்கிறார், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மாற்றுச் சட்டைப் பையை இன்று கொண்டுவர மறந்திருந்தார்.

கீழே இறங்கும்போது பார்த்தேன், இவர் டீக்கடையிலிருந்து ரோட்டைத் தாண்டி வந்து படிக்கட்டின் அடியில் நின்றார். ஏறவில்லை. அண்ணன் கடந்துபோகும்போது கையில் இருந்த பேப்பரை அவரிடம் நீட்டினார். படிக்க ஏதாவது வேண்டுமே என்றாராம்.

கூடத்துக் கதவுக்குச் சீல் வைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 30, வியாழன்

சலவைக்கடை அக்காவின் மகளுக்கு இன்று பதினெட்டு.

மே 5, செவ்வாய்

என்னைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள். அடித்தளத்தில், ஜன்னல் கிடையாது. தபால் மேஜைக்கு ஒரு புதுப் பெண். என் பதிவேட்டை அவளிடம் ஒப்படைத்தேன். இரண்டு குடும்பங்கள் சபைக்கு வருவதை நிறுத்திக்கொண்டன. குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆற்றுக்கு அந்தப்பக்கச் சபை பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவெடுத்திருக்கிறது. அவர்களுக்கு அப்படித்தான் மனசு ஒப்பியது.

சில நாள் கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன், அந்த ஒரு நிமிஷம் பேசாமல் இருந்திருந்தால் என்ன என்று. அண்ணன் வீட்டில் இருந்திருப்பார். ஆனால் இழுப்பறையைத் திறந்து திறந்து பார்க்கும் பழக்கம் போய்விட்டது.

மே 13, புதன்

தையல்கார அண்ணன் வந்துவிட்டார். சிறையில் பதினேழு நாள். இளைத்திருக்கிறார். அளவு நாடாவை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதலில் சொன்னது: "உள்ள ஒரு வார்டனுக்கு ரெண்டு சட்டை தைக்கணும். கையாலேயே முழம் போட்டு அளவு எடுத்துட்டு வந்திருக்கேன், சரியா வருமான்னுதான் தெரியலை."

சீலை உடைத்து உள்ளே போவோம் என்று பல் டாக்டர் சொல்லிப் பார்த்தார். அண்ணனுக்கு ஒப்பவில்லை. சலவைக்கடையின் பின்முற்றம் காலியாகத்தான் இருக்கிறது என்றார் அக்கா.

மே 16, சனி

மதியம் தட்டச்சை வீட்டு மேஜைமேல் வைத்து அடித்தேன். சீல் வைக்கும் முன் அதை மட்டும் எடுத்துக்கொள்ள விட்டார்கள். 'எங்கள் முந்தைய இடத்தின் கதவில் வைத்த முத்திரையை நாங்கள் தொடவில்லை. மே 24 முதல் ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பது மணிக்கு, கீழ்க்கண்ட முகவரியில், பெரியவர்கள் முப்பத்தெட்டுப் பேரும் சிறுவர்கள் பதின்மூன்று பேரும் கூடுவோம் என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்.' இந்த முறை தபாலில் இல்லை. திங்கட்கிழமை நானே அடித்தளத்திலிருந்து ஏறிப்போய், புதுப் பெண்ணிடம் நேரில் கொடுத்து, அவள் முத்திரை குத்திய ரசீது வாங்கப்போகிறேன்.

இவர் பேருந்திலிருந்து இறங்கி நேரே வந்தவர், சீருடைகூட மாற்றாமல் என் பின்னால் நின்று வாசித்தார். கேலி வரும் என்று காத்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். முப்பத்தெட்டில் சலவைக்கடை அக்காவின் மூத்தவளும் உண்டா என்று கேட்டார். உண்டு, அவள் இப்போது பெரியவள் என்றேன்.

பிறகு விரலை அந்த எண்மேல் வைத்தார்.

"முப்பத்தொம்பதுன்னு போடு."

திரும்பிப் பார்ப்பதற்குள் கை கழுவப் போய்விட்டார். மகள் கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணை அழித்து மேலே அடித்தால் அசிங்கமாக இருக்கும், அரசாங்கத்துக்குப் போகிற கடிதம். தாளை உருவிவிட்டுப் புதுத் தாள் சொருகி, முழுப் பக்கத்தையும் மறுபடி அடித்தேன்.